புராஸ்டேட் அறுவையில் ‘நரம்பைக் காப்பது’ என்றால் என்ன?

தமிழில் ‘நரம்பு’ என்ற சொல்லுக்கு வேலை அதிகம். ஊசி போட வரும் நர்ஸ் முழங்கையைத் தட்டிப் பார்த்து “நரம்பே கிடைக்கல” என்பார். அவர் தேடுவது ரத்தக் குழாயை. கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான் என்கிறோம். புடைப்பதும் ரத்தக் குழாய்தான். கால் பிசகினால் “நரம்பு இழுத்துக்கிச்சு” என்கிறோம். அங்கே வலிப்பது பெரும்பாலும் தசையோ தசைநாரோ. பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கும் ‘நரம்புத் தளர்ச்சி’ விளம்பரங்களில் அது ஆண்மைக்குறைவுக்கு இட்ட பூடகப் பெயர்.

இந்தக் குழப்பத்தோடுதான் ஒரு குடும்பம் டாக்டர் அறைக்குள் போய் உட்கார்கிறது. “புராஸ்டேட்ல கேன்சர். ஆபரேஷன் பண்ணிடலாம். முடிஞ்சவரைக்கும் நரம்பைக் காப்பாத்திப் பண்ணுவோம்” என்கிறார் டாக்டர். வெளியே வந்ததும் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் பெரியப்பாவுக்கு இது நடந்தபோது, நரம்பில் கை வைத்தால் கால் விளங்காமல் போய்விடுமோ என்று அத்தை அழுதார். ரோபோ வைத்துச் செய்தால் நரம்புக்கு ஒன்றும் ஆகாது என்று அண்ணன் அடித்துச் சொன்னான். பெரியப்பா யாரிடமும் எதுவும் பேசவில்லை, பெரியம்மாவிடம்கூட. மூன்றாம் நாள் திண்ணையில் நான் மட்டும் இருந்தபோது கேட்டார்: “ஏன்டா, அது எந்த நரம்புடா?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. பிறகு தேடித் தெரிந்துகொண்டதை, மருத்துவம் படிக்காத இன்னொருவருக்குப் புரியும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில், அந்தச் சுரப்பி எங்கே இருக்கிறது?

புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. விந்தோடு சேரும் திரவத்தில் ஒரு பங்கைச் சுரப்பது அதன் வேலை. இளவயதில் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு, ஏறத்தாழ 20 கிராம். சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, மலக்குடலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. சிறுநீர்ப்பையிலிருந்து இறங்கும் குழாய் இந்தச் சுரப்பியின் நடுவே புகுந்து வெளியேறுகிறது. சுரப்பிக்குக் கீழே, சிறுநீரைப் பிடித்துவைக்கும் வளையத் தசை.

இடுப்பெலும்புக் கூட்டுக்குள், குறுகலான இடத்தில், ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு இத்தனையும் இருக்கின்றன. பிறகு வரும் சிக்கல் எல்லாவற்றுக்கும் இந்த நெருக்கமே காரணம்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். “எங்க மாமாவுக்கும் புராஸ்டேட் ஆபரேஷன்தான், மூணு நாள்ல எழுந்து நடந்துட்டார்” என்று யாராவது சொல்வார்கள். வயதானால் புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர்ப் பாதையை அடைப்பது வேறு நோய். அது புற்று அல்ல. அதற்கு, சிறுநீர்க் குழாய் வழியாகக் கருவியைச் செலுத்திச் சுரப்பியின் உட்பகுதியை மட்டும் சுரண்டி எடுப்பார்கள். ஓடு, அதாவது சுரப்பியின் வெளியுறை, அப்படியே இருக்கும். ஓட்டுக்கு வெளியே உள்ள நரம்புக்குப் பெரும்பாலும் பாதிப்பு வராது. புற்றுநோய்க்குச் செய்வது அப்படியல்ல. சுரப்பியை ஓட்டோடு முழுவதும் எடுத்து, அதோடு ஒட்டியிருக்கும் விந்துப்பைகளையும் எடுத்து, சிறுநீர்ப்பையைக் கீழே மிஞ்சிய குழாயோடு இழுத்துத் தைக்க வேண்டும். நரம்பைக் காக்கும் பேச்சு வருவது இந்த அறுவையில்தான்.

சுவரும் கொடியும்

ஒரு பழைய மண்சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கரையான் பிடித்துவிட்டது. இடித்தே ஆக வேண்டும். ஆனால் அந்தச் சுவரைப் பற்றிக்கொண்டு ஒரு முல்லைக் கொடி ஏறி, அப்பால் உள்ள பந்தலில் படர்ந்திருக்கிறது. பந்தலில் பூப்பது இந்தக் கொடியால். அதன் வேர் சுவரில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. சுவர் அதற்குப் போகும் வழி மட்டுமே.

சுவரை அப்படியே சாய்த்தால் கொடியும் அறுந்து விழும். கொடியைக் காப்பாற்ற வேண்டுமென்றால், சுவரை இடிக்கும் முன் பற்றிய சுருள்களை ஒவ்வொன்றாக விடுவித்து, கொடியை மெல்ல ஒதுக்கிவைக்க வேண்டும். இழுத்துப் பிடுங்கினால், அறுபடாவிட்டாலும் கொடி வாடும். பக்கத்தில் தீ மூட்டினால் கருகும். இன்னொன்றும் உண்டு: கரையான் சுவரைத் தாண்டிக் கொடியின் தண்டுக்குள் புகுந்திருந்தால், அந்தப் பகுதியைக் காப்பாற்றுகிறேன் என்று விட்டுவைப்பது கரையானையே விட்டுவைப்பதாகும்.

சுவர் புராஸ்டேட். கரையான் புற்று. கொடிதான் பெரியப்பா கேட்ட நரம்பு. பந்தல் ஆண்குறி.

அந்த நரம்பு செய்யும் வேலை

நரம்பு என்பது மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் செய்தி கொண்டுசெல்லும் இழை. இங்கே பேசும் நரம்புகள் முதுகின் அடியில், தண்டுவடத்தின் கடைசிப் பகுதியிலிருந்து புறப்படுகின்றன. மலக்குடலின் இருபுறமும் ஒரு வலைபோல் பின்னிக்கொண்டு, அங்கிருந்து புராஸ்டேட்டின் பின்பக்க ஓரங்களை ஒட்டி, வலதில் ஒன்றும் இடதில் ஒன்றுமாக இறங்கி ஆண்குறிக்குப் போகின்றன. சுரப்பியின் குறுக்குவெட்டைக் கடிகார முகமாக எண்ணினால், 5 மணியும் 7 மணியும் இருக்கும் இடங்கள். மெல்லிய ரத்தக் குழாய்களும் இந்த இழைகளோடு சேர்ந்தே ஓடுவதால், இதற்கு நரம்பு-நாளக் கற்றை என்று பெயர். இனிமேல் கற்றை என்று மட்டும் சொல்கிறேன்.

கை காலை அசைப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அத்தையின் பயம் தேவையற்றது. இந்தக் கற்றையின் முதன்மையான வேலை விறைப்பு.

ஆண்குறிக்குள் கடற்பஞ்சு போன்ற இரண்டு தண்டுகள் இருக்கின்றன. சாதாரண நேரத்தில் அவற்றின் நுண்தசைகள் இறுகியிருப்பதால் ரத்தம் அதிகம் உள்ளே வராது. ஆசை எழும்போது கற்றையின் நுனிகள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை மிக நுண்ணிய அளவில் வெளியிடுகின்றன. அது ‘தளர்ந்துகொள்’ என்ற கட்டளை. தசை தளர்கிறது, பஞ்சில் ரத்தம் நிறைகிறது, பஞ்சு உப்பி, ரத்தம் திரும்பிப் போகும் சிரைகளை உறையோடு வைத்து அழுத்தி அடைக்கிறது. உள்ளே வந்த ரத்தம் அங்கேயே நிற்கிறது. விறைப்பு என்பது இதுதான்.

நைட்ரிக் ஆக்சைடு உடலில் செய்தி சொல்லும் பொருளாக வேலை செய்கிறது என்று கண்டறிந்த ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் மூவருக்கும் 1998-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. அதே ஆண்டில்தான் வயாக்ரா மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த மாத்திரையைப் பற்றிப் பலருக்கும் தெரியாத ஒன்று: அது கட்டளையைப் பிறப்பிப்பதில்லை. நரம்பு அனுப்பிய கட்டளை சீக்கிரம் அழிந்துபோகாமல் நீட்டித்துத் தருகிறது, அவ்வளவுதான். இரண்டு பக்கக் கற்றையும் வெட்டப்பட்டவருக்கு அந்த மாத்திரை ஏன் பெரும்பாலும் பலிப்பதில்லை என்பது இப்போது விளங்கும். நீட்டிப்பதற்கு அங்கே கட்டளையே இல்லை.

இதுவரை பார்த்தது: விறைப்புக்கான கட்டளையைக் கொண்டுபோகும் இரு கற்றைகள் புராஸ்டேட்டை ஒட்டி ஓடுகின்றன. அவை சுரப்பிக்குள் இல்லை, வெளியே இருக்கின்றன. இந்த ‘வெளியே’ என்ற ஒரு சொல்லை மருத்துவம் கண்டுகொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின.

லைடன், 1981

புராஸ்டேட் புற்றுக்காகச் சுரப்பியை முழுதாக எடுக்கும் அறுவையை அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹ்யூ ஹாம்ப்டன் யங் 1904-லேயே செய்தார். அதற்குப் பிறகு முக்கால் நூற்றாண்டுக்கு, இந்த அறுவை செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய எல்லோருமே விறைப்பை இழந்தார்கள். பலருக்குச் சிறுநீரும் நிற்காமல் போனது. சுரப்பியின் முன்பக்கம் ஒரு பெரிய சிரைக் கூட்டம் இருக்கிறது; அதை வெட்டியதும் வயிற்றின் அடிப்பகுதி ரத்தக் குளமாகிவிடும். மருத்துவர் கண்ணால் பார்த்து வெட்டியதைவிட விரலால் தடவி வெட்டியது அதிகம். விறைப்புக்கான நரம்பு சுரப்பியின் ஊடாகவே போகிறது, சுரப்பி போனால் அதுவும் போகத்தான் வேண்டும் என்று நம்பினார்கள்.

அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1974-ல் சிறுநீரியல் துறைக்குத் தலைவரானவர் பாட்ரிக் வால்ஷ். முதலில் அந்தச் சிரைக் கூட்டத்தைக் கட்டி ரத்தத்தை நிறுத்தும் வழியை அவர் கண்டார். ரத்தம் நின்றதும் முதல் முறையாக அந்த இடம் கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு ஒரு வியப்பு: அறுவை முடிந்த ஒரு நோயாளி, சில மாதங்களில் தனக்கு விறைப்பு இயல்பாகவே இருப்பதாகச் சொன்னார். சுரப்பி முழுதும் எடுக்கப்பட்டுவிட்டது. அப்படியென்றால் நரம்பு சுரப்பிக்குள் இருக்க முடியாது. எங்கே இருக்கிறது?

விடை நெதர்லாந்தின் லைடன் நகரில் இருந்தது. 1981 பிப்ரவரியில் வால்ஷ் அங்கே ஒரு கூட்டத்துக்குப் போனார். ஓய்வுபெற்ற சிறுநீரியல் பேராசிரியர் பீட்டர் டோங்கர், சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகளைத் தேடி, இறந்து பிறந்த சிசுவின் உடலை நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர்களின் உடலில் கொழுப்பும் நாரும் மண்டி இந்த இழைகளை மறைத்துவிடும்; சிசுவின் உடலில் அவை தெளிவாகத் தெரியும். ஆண்குறிக்குப் போகும் நரம்பு எது என்று வால்ஷ் கேட்டார். டோங்கர் அதைத் தேடிப் பார்த்ததில்லை. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து தேடினார்கள். சில மணி நேரத்தில் அது கிடைத்தது: புராஸ்டேட்டின் உறைக்கு வெளியே, ஓரமாக.

இந்த இடத்தில் கதை முடிந்துவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. சிசுவின் உடலில் தெரிந்த இழை, அறுவை மேசையில் கிடக்கும் அறுபது வயதுக்காரரின் உடலில் கண்ணுக்குத் தெரியாது. அதை எப்படி அடையாளம் காண்பது? கூடவே ஓடும் ரத்தக் குழாய்கள்தாம் வழிகாட்டி என்று வால்ஷ் புரிந்துகொண்டார். குழாய் கண்ணுக்குத் தெரியும். குழாயைக் காப்பாற்றினால் கூட இருக்கும் நரம்பும் தப்பும். இருவரும் 1982-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 26-ம் தேதி, 52 வயதுக்காரர் ஒருவருக்கு, நரம்பைக் காப்பது என்று முன்கூட்டியே முடிவெடுத்துச் செய்த முதல் அறுவையை வால்ஷ் செய்தார். ஓராண்டுக்குள் அவருக்கு விறைப்பு திரும்பியது.

கொடியை எப்படி ஒதுக்குகிறார்கள்?

புராஸ்டேட்டைச் சுற்றி வெங்காயத் தோல்போல மெல்லிய சவ்வுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கற்றை இந்தச் சவ்வுகளுக்கு நடுவே ஓடுகிறது. எந்த இரு தோல்களுக்கு நடுவே கத்தி நுழைகிறது என்பதுதான் அறுவையின் சூட்சுமம். சுரப்பியை உரசிக்கொண்டு மிக உள் அடுக்கில் போனால் கற்றை முழுவதும் வெளியே தங்கும். ஓரடுக்கு தள்ளிப் போனால் பெரும்பகுதி தங்கும். இன்னும் வெளியே போனால் கற்றை சுரப்பியோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். இந்த மூன்றுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் சில மில்லிமீட்டர்.

ஆகவே நரம்பைக் காப்பது என்பது விளக்கு சுவிட்சுபோல உண்டு, இல்லை என்று இரண்டே நிலை கொண்டதல்ல. வலப்பக்கம் முழுதாக, இடப்பக்கம் பாதி என்று இருக்கலாம். ஒரு பக்கம் மேல்பகுதியில் நெருங்கிப் போய், கீழ்ப்பகுதியில் விலகிப் போகலாம். “நரம்பைக் காப்பாத்திட்டீங்களா?” என்ற கேள்விக்கு ‘ஆமாம்’ என்ற ஒற்றைச் சொல் பதில் கிடைத்தால் அது பாதிப் பதில்.

மற்றொன்று வெப்பம். அறுவையில் ரத்தக் கசிவை நிறுத்த மின்சாரத்தால் சுட்டு அடைப்பது வழக்கம். அந்தச் சூடு பக்கத்துத் திசுவுக்கும் பரவும். நரம்பு சூட்டைத் தாங்காது. அதனால் கற்றைக்கு அருகில் வரும்போது சுடுவதைத் தவிர்த்து, சிறு கிளிப்புகளைப் போட்டும் நூலால் தைத்தும் ரத்தத்தை நிறுத்துகிறார்கள். சுரப்பியை இழுத்துப் பிடிக்கும் விசையும் கணக்கில் வரும். கத்தி படாமலே இழுவையில் நரம்பு அடிபடலாம்.

கற்றை எல்லோருக்கும் ஒரே கயிறாக ஓடுவதும் இல்லை. சிலருக்கு அது திரைபோல விரிந்து சுரப்பியின் பக்கவாட்டு முழுவதும், முன்பக்கம் வரைகூடப் படர்ந்திருக்கும். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில், ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் ரோபோ வழி புராஸ்டேட் அறுவையை வளர்த்தெடுத்த மணி மேனன், இந்தத் திரையையும் சேர்த்துக் காக்கும் ஒரு முறையை வகுத்தார். அவர் எம்பிபிஎஸ் படித்தது புதுச்சேரி ஜிப்மரில்.

காக்கக் கூடாத நேரம்

இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். குடும்பங்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான்.

புராஸ்டேட் புற்றில் பெரும்பாலானவை சுரப்பியின் பின்பக்க, ஓரப் பகுதியில்தான் தோன்றுகின்றன. கற்றை ஓடுவதும் அதே ஓரத்தை ஒட்டி. சுரப்பிக்குள் நுழையும் நுண்ணிய நரம்புக் கிளைகள் உறையில் துளை போட்டுக்கொண்டு போகின்றன. புற்றும் வெளியே வருவதற்குப் பல நேரம் அந்தத் துளைகளையே வழியாகப் பிடித்துக்கொள்கிறது. அதாவது, எந்தப் பக்கம் புற்று உறையை மீறியிருக்கக்கூடுமோ அந்தப் பக்கத்துக் கற்றையே முதலில் ஆபத்தில் இருக்கிறது.

எடுத்த சுரப்பியின் வெளிப்பரப்பில் மை தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். மை பட்ட ஓரத்தில் புற்றுச் செல் தெரிந்தால், வெட்டு விளிம்பில் புற்று இருக்கிறது என்பார்கள். உள்ளே மிச்சம் இருந்திருக்கலாம் என்று பொருள். நரம்புக்காக மிக நெருங்கி வெட்டினால் இந்த ஆபத்து கூடும். மிக விலகி வெட்டினால் நரம்பு போகும். நல்ல மருத்துவர் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக இந்தத் தராசைப் பிடிக்கிறார். பயாப்ஸியில் (ஊசியால் துளித் திசு எடுத்துச் செய்யும் சோதனையில்) எந்தப் பக்கம் எவ்வளவு வீரியமான புற்று, எம்ஆர்ஐ ஸ்கேனில் அது உறையைத் தொடுகிறதா, ரத்தத்தில் பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்) அளவு என்ன என்று எல்லாம் பார்த்தே முடிவு.

“நரம்பை எடுத்துட்டாங்க, டாக்டருக்குச் சரியா பண்ணத் தெரியல” என்று ஒருவர் சொல்லும்போது, சில நேரம் அந்த டாக்டர் சரியாகவே செய்திருக்கக்கூடும். கரையான் புகுந்த தண்டை வெட்டியதற்குக் கொத்தனாரைக் குறை சொல்ல முடியாது.

இந்தத் தராசைக் கொஞ்சம் எளிதாக்க ஒரு வழி வந்திருக்கிறது. நரம்பைக் காத்துச் சுரப்பியை எடுத்ததும், நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே, கற்றையை ஒட்டியிருந்த ஓரத்தை உறையவைத்து, மெல்லியதாகச் சீவி உடனே பரிசோதிக்கிறார்கள். ஓரத்தில் புற்று இல்லையென்றால் கற்றை பிழைத்தது. இருந்தால் அந்தப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் திசுவை எடுக்கிறார்கள். நியூரோசேஃப் என்று இதற்குப் பெயர். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் பெருமளவில் செய்யப்பட்டு வளர்ந்தது. பிரிட்டனில் 344 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வின் முடிவு 2025-ல் வந்தது. ஓராண்டுக்குப் பிறகு, விறைப்பில் குறையே இல்லாதவர்களும் லேசான குறை மட்டும் உள்ளவர்களும் இந்தச் சோதனையோடு அறுவை செய்தவர்களில் 39 சதவீதம். வழக்கமான முறையில் 23 சதவீதம்.

அந்த 39 என்ற எண்ணை இன்னொரு முறை பாருங்கள். நரம்பைக் காக்க நவீன முறையில் முயன்றும் ஓராண்டில் பாதிப்பேருக்கு மேல் லேசானதைத் தாண்டிய குறை இருக்கிறது. நரம்பைக் காத்தால் எல்லாம் முன்போலவே இருக்கும் என்று யாராவது உறுதி கொடுத்தால், அதை நம்பி மனதைத் தயார்செய்துகொள்ள வேண்டாம்.

காத்த நரம்பும் உறங்கும்

கொடியை எவ்வளவு பக்குவமாக ஒதுக்கினாலும் சில வாரம் அது வாடிக் கிடக்கும். நரம்பும் அப்படித்தான். தொட்டதும் இழுத்ததும் ரத்த ஓட்டம் சற்றுக் குறைந்ததும் போதும். அறுபடாத நரம்பும் வேலை நிறுத்திவிடும். அது மீள்வதற்கு வாரங்கள் போதாது, மாதங்கள் வேண்டும். ஒன்றரை ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டுவரை மெல்ல மெல்ல முன்னேற்றம் வரலாம். மூன்றாம் மாதத்தில் ஒன்றும் இல்லையே என்று நம்பிக்கை இழப்பவர்கள் அதிகம். அந்த மௌனம் எதிர்பார்த்ததுதான் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் எத்தனையோ வீடுகளில் மனக்கசப்பு குறைந்திருக்கும்.

இந்தக் காலத்தில் பஞ்சுத் தண்டுக்கு ரத்தம் வராமலே கிடந்தால், அதன் மென்மையான தசை மெல்ல நாராக மாறக்கூடும். நரம்பு விழித்தெழும்போது அதன் சொல்லைக் கேட்கத் தசை இருக்க வேண்டும். அதனால்தான் பல மருத்துவர்கள் மாத்திரை, வெற்றிடப் பம்பு, ஊசி என்று எதையாவது முன்கூட்டியே தொடங்குகிறார்கள். எந்த முறை யாருக்கு எவ்வளவு உதவும் என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் ஒரே கருத்து இல்லை. ஊசியைப் பற்றி ஒன்று: அது நேராகத் தசையிலேயே வேலை செய்வதால், நரம்பு முழுதும் போனவர்களுக்கும் பலன் தரும். அதுவும் உதவாதவர்களுக்கு உள்ளே பொருத்தும் கருவி இருக்கிறது. நரம்பு போனதால் எல்லாக் கதவும் அடைபட்டது என்று நினைக்க வேண்டியதில்லை.

மீள்வது யாருக்கு எளிது? வயது குறைந்தவர்களுக்கு, அறுவைக்கு முன் விறைப்பு நன்றாக இருந்தவர்களுக்கு, இரண்டு பக்கமும் காக்கப்பட்டவர்களுக்கு. பல ஆண்டுச் சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் நரம்பையும் ரத்தக் குழாயையும் முன்பே பழுதாக்கியிருக்கும். முன்பே வாடிய கொடியை எவ்வளவு மென்மையாக ஒதுக்கினாலும், அறுவைக்கு முன் இருந்த நிலையைவிட மேலான நிலை வராது.

சுருக்கமாக: எந்தப் பக்கம் எவ்வளவு காப்பது என்பதைப் புற்று இருக்கும் இடம் தீர்மானிக்கிறது. காத்த பிறகும் நரம்பு விழிக்க ஓராண்டு, இரண்டாண்டு ஆகலாம்.

ஒன்றோடொன்று கலந்து பேசப்படுபவை

சிறுநீர் கசிவதும் விறைப்பு போவதும் ஒன்றல்ல. சிறுநீரைப் பிடித்துவைப்பது முக்கியமாகச் சுரப்பிக்குக் கீழே உள்ள வளையத் தசை. அறுவைக்குப் பின் சிறுநீர் வடியப் போட்டிருக்கும் குழாயை (கதீட்டர்) எடுத்ததும் கசிவு இருப்பது சகஜம். இடுப்படித் தசைப் பயிற்சியால் மாதங்களில் பெரும்பாலோருக்குச் சரியாகிறது. கற்றையைக் காப்பது இதற்கும் ஓரளவு துணைசெய்கிறது என்று கருதுகிறார்கள்.

விந்து வெளியேறுவது வேறு கதை. புராஸ்டேட்டும் விந்துப்பைகளும் போன பிறகு, நரம்பை எவ்வளவு நன்றாகக் காத்திருந்தாலும் விந்து வராது. இனிக் குழந்தை வேண்டும் என்று எண்ணம் உள்ளவர் அறுவைக்கு முன்பே விந்தைச் சேமித்துவைப்பது பற்றிப் பேச வேண்டும். ஆனால் தொடு உணர்ச்சியும் உச்ச இன்பமும் வேறொரு நரம்பின் வழியாக வருகின்றன. அது இந்தச் சுரப்பியைத் தொடாமல் தனிப்பாதையில் போகிறது. அதனால் விறைப்பு இல்லாத நாட்களிலும் விந்து இல்லாமலே உச்சத்தை உணர முடியும். இதை யாருமே சொல்லாததால், எல்லாமே முடிந்துவிட்டது என்று மனைவியிடமிருந்து விலகிப் படுத்துக்கொள்ளும் ஆண்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

அடுத்து, ரோபோ. 2000-ம் ஆண்டு ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட்டில் தொடங்கிய இந்த முறை இன்று பெரிய மருத்துவமனைகளில் பரவிவிட்டது. மருத்துவருக்கு உருப்பெருக்கிய முப்பரிமாணக் காட்சி கிடைக்கிறது. கருவியின் நுனி மணிக்கட்டுபோல வளைகிறது. ரத்த இழப்பு குறைகிறது. ஆனால் ரோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை, முடிவெடுப்பதும் இல்லை. எந்த அடுக்கில் நுழைவது என்பது கருவியைப் பிடித்திருப்பவரின் தீர்மானம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 300-க்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, திறந்த அறுவையையும் ரோபோவையும் ஒப்பிட்டார்கள். 2016-ல் முதல் முடிவு வந்தது. சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் விறைப்பிலும் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அண்ணன் விசாரித்திருக்க வேண்டியது மிஷினைப் பற்றி அல்ல, அந்த மருத்துவர் இதுவரை எத்தனை அறுவை செய்திருக்கிறார் என்பதை.

கத்திக்கு முன் ஒரு கேள்வி

நரம்பை எப்படிக் காப்பது என்பதற்கு முன்னால், இப்போதே அறுவை வேண்டுமா என்ற கேள்வி இருக்கிறது. பிரிட்டனில் 1,643 ஆண்களை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என மூன்றாகப் பிரித்துப் பின்தொடர்ந்தார்கள். சுரப்பிக்குள் அடங்கிய புற்று உள்ளவர்கள் அவர்கள். 15 ஆண்டுக்குப் பிறகு, 2023-ல் வெளியான முடிவில், புராஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் மூன்று குழுக்களையும் சேர்த்து 2.7 சதவீதம், குழுக்களுக்கு இடையே பெரிய வேறுபாடு இல்லை. கண்காணிப்பில் இருந்தவர்களிடம் புற்று வேறிடம் பரவியது ஏறக்குறைய இரு மடங்கு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆபத்துக் குறைந்த வகைப் புற்றுக்கு, முறையான சோதனைகளோடு காத்திருப்பது இன்று ஏற்கப்பட்ட வழி. நரம்பை அசைக்காமல் விடுவதைவிடப் பெரிய காப்பு வேறில்லை. வீரியம் கூடிய வகைக்கு அப்படிக் காத்திருக்கக் கூடாது. எந்த வகை என்பதைப் பயாப்ஸியும் ஸ்கேனும் சொல்லும்.

பெரியப்பாவுக்கு வந்தது காத்திருக்கும் வகை அல்ல. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போனபோது என்னைக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே போய் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “ரெண்டு பக்கமும் காப்பாத்த முடியுமாங்களா, ஒரு பக்கம்தானா?” என்று கேட்டார். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு ஒரு வட்டம் வரைந்தார். கீழே 5 மணிக்கும் 7 மணிக்கும் இரண்டு புள்ளி வைத்தார். “வலதுபக்கம் முழுசா விட்டுடலாம்ங்க. இடதுபக்கம் கட்டி ஓரத்துக்குக் கிட்ட இருக்கு. அங்க பாதிதான். உள்ள போய்ப் பார்த்துட்டு அதுவும் மாறலாம்” என்றபடி, இடதுபக்கப் புள்ளியைச் சுற்றி வளைவாக ஒரு கோடு போட்டார். எவ்வளவு நாள் ஆகும் என்று பெரியப்பா கேட்டார். ரெண்டு வருஷம் வரைக்கும் பொறுக்கணும் என்றார்.

அந்தச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது இரண்டு முறை எடுத்துப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவிவிட்டு, அடுக்களைக்குப் போய், அதைப் பெரியம்மாவிடம் கொடுத்தார்.